ஜெட்டை நிறுத்திய ஊக்கு

ஆகாயத்தில் சத்தம் கேட்டால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்து, அண்ணாந்து பார்த்துக் கையாட்டி "டாட்டா" சொன்ன கடைசிக் கூட்டம் நாம்தான். என் வயதுக்காரர்கள் ஒத்துக்கொள்வீர்கள். இன்றைக்கு ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள், தலைக்கு மேல் எது பறந்தாலும் போனை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஷிப்டும் ஓவர்டைமும் பார்த்துவிட்டு நிற்கிறவர்களுக்கு ஆகாயம் எதற்கு? ஆனால் நான், ஆகாயத்தில் போனதைத் தரையில் வைத்துத் தொட்டுப் பார்த்தவள். போர் விமானம். எங்கள் ஊர்ப் பேச்சில் ஜெட். தொட்டதோடு விட்டேனா? ஒரு நாள் முழுக்க அதைப் பறக்கவிடாமல் நிறுத்தியும் வைத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஜெட்டோடு சேர்ந்து என் மாமாவின் கல்யாணமும் அன்றைக்கு நின்றது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மண்ணூர்ப் பக்கம் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். ஒரு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்த விமானத் தளத்தில் அவருக்கு வேலை. விடிவதற்கு முன் கிளம்பிவிடுவார். என்ன வேலை என்று ஊரில் யார் கேட்டாலும், "ஜெட்டை அனுப்பி வெக்கிற வேலை" என்று அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். மாமாவுக்குக் காது மட்டும் சிவந்துபோகும்.

உண்மையில் அவர் வேலை கல் பொறுக்குவது. விமானம் கிளம்புவதற்கு முன்னால், முப்பது பேர் தோளோடு தோள் நின்று, ஓடுபாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள். கூழாங்கல், நட்டு, கம்பித்துண்டு, செத்த பறவை, எது கிடந்தாலும் எடுத்துப் பையில் போட வேண்டும். ஜெட்டின் இன்ஜின் தரையில் கிடப்பதை உறிஞ்சி இழுத்துவிடும், ஒரு சின்ன கல் உள்ளே போனாலும் ஆபத்து. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அம்மாவுக்கு அப்போதே தெரியும். "அப்பன் ஆத்தா இல்லாத பையன், கல்லு பொறுக்குறான்னு சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்?" என்று அடுப்படியில் முணுமுணுப்பாள்.

வேலைப் பழக்கம் மாமாவை வெளியிலும் விடவில்லை. தெருவில் தரையைப் பார்த்தேதான் நடப்பார். எங்கே ஆணி கிடந்தாலும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் சட்டையைத் துவைக்கும்போது அம்மா கல்லையும் திருகாணியையும் கொட்டித் திட்டித் தீர்ப்பாள். வேடிக்கை என்னவென்றால், குன்றத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்ததே இந்த நடையைப் பார்த்துத்தான். மாவு மில் வைத்திருந்த பெரிய மனிதர் ஒருவர், பஸ் ஸ்டாண்டில் மாமாவை நாலு தடவை பார்த்திருக்கிறார். "தலை நிமிர்ந்து ஒரு பொம்பளயப் பாக்கல சார் அந்தப் பையன். இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா?" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார். அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

அது புரட்டாசி மாதம். மழைக்கு முன்னால் வருகிற அந்தப் புழுக்கத்தில், அவ்வப்போது வருவதுபோல, வடக்கேயிருந்து நாலு ஜெட்டுகள் வந்து தளத்தில் சில வாரம் தங்கின. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்போம், ஒன்றும் கேட்காது, திடீரென்று ஓட்டுக்கூரைக்கு மேல் ஏதோ கிழிந்து போகும். சத்தம் வருவதற்குள் ஜெட் போய்விட்டிருக்கும். வயிற்றுக்குள் அதிரும். டீச்சர் சாக்பீஸை நழுவவிடுவார். கோழிகள் ஒருவாரம் சரியாக முட்டை வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டில் மாமாவிடம் சண்டைக்கு வந்தார்கள். ஜெட்டை அனுப்பி வைக்கிறவர் அவர்தானே! "நாளைக்குக் கொஞ்சம் அந்தாண்ட அனுப்பி வெக்கிறேன்க்கா" என்று மாமா சமாதானம் சொல்லி அனுப்பினார். அவர் சிரித்துப் பார்த்தது அந்த மாதத்தில்தான்.

அப்போது தளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்கிறவர்களின் குடும்பங்கள் வந்து ஜெட்டைப் பக்கத்தில் பார்க்கலாம், அது பறப்பதையும் பார்க்கலாம் என்று சொன்னார்கள். மாமா என்னிடம்தான் முதலில் சொன்னார். எனக்கு ஒன்பது வயது. நான் அம்மாவிடம் ஓடிச் சொன்னேன். அம்மாவுக்கு அங்கேதான் புத்தி கோணலாக வேலை செய்தது. பெண் வீட்டாரையும் அழைத்துப் போனால், மாப்பிள்ளையின் பெருமையைக் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போவார்களே என்று நினைத்தாள். மாமா வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். "நீ சும்மா கெட. அன்னிக்கு லீவு நாளு, நீ கல்லு பொறுக்கவா போற?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

எனக்குப் புதுப் பாவாடை வந்தது. மயில்கழுத்து நிறம், கீழே மஞ்சள் கரை. நம் காலத்துப் பாவாடை எப்படித் தைப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளர்கிற பிள்ளை என்று இரண்டு வயது கூட்டி அளவெடுத்து, கீழே மூன்று மடிப்பு பிடித்துத் தைப்பார்கள், வருஷத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட. இடுப்பு தொளதொள என்று இருக்கும். அதை இழுத்துப் பிடித்து ஒரு ஊக்கு குத்திவிட்டால் ஆயிற்று. அம்மா தன் வளையலில் தொங்கிய ஊக்குகளில் ஒன்றை எடுத்து உள்பக்கமாகக் குத்தினாள். மஞ்சள் நிற ஊக்கு.

தளத்தின் வாசலில் காவலுக்கு நின்றவர், கொண்டை ஊசி, ஊக்கு, சில்லறை, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார். அம்மா வளையலில் கிடந்தவற்றைக் கழற்றிக் கொடுத்தாள். என் இடுப்பைப் பார்த்தாள். உள்ளே குத்தியிருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

ஜெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவ்வளவு சத்தம் போட்ட சாமான், எங்கள் ஊர் லாரியைவிடக் கொஞ்சம்தான் நீளம். மூக்கு கூர்மை. இறக்கை அடுக்களை அலமாரிப் பலகையளவுதான் தடிமன். வெயிலில் கிடந்து உடம்பெல்லாம் சுட்டது. வாசனையைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை, அச்சு அசல் ரேஷன் மண்ணெண்ணெய். அடியில் ஒரு தட்டு வைத்து, சொட்டுகிற எண்ணெயைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒழுகுகிற வீட்டில் பாத்திரம் வைப்பதுபோல. இவ்வளவு பெரிய சூரனும் ஒழுகுமா என்று எனக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது. ஆணிகளெல்லாம் தகட்டோடு தகடாகப் பதிந்து, கையால் தடவினால் வழுக்கியது. இரண்டு பக்கமும் காற்று உறிஞ்சுகிற வாய்கள், சிவப்புத் துணி மூடி போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற விமானிக்கு முகமெல்லாம் பரு. மாமா வயதுகூட இருக்காது. அவ்வளவு சின்னப் பையனை நம்பி இதைக் கொடுத்திருக்கிறார்களே என்று அம்மா வியந்து, பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான்.

மஞ்சள் ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்க்க ஒவ்வொருவராக விட்டார்கள். எண்ண முடியாத கடிகாரங்கள். ஒருவர் உட்கார்ந்தால் அசைய இடமில்லாத இருக்கை. நான் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு இறங்கி, இரண்டாவது ஜெட்டின் பக்கம் ஓடினேன். அங்கே போனதும் பாவாடை நழுவியது. பிடித்துக்கொண்டேன். ஊக்கைக் காணவில்லை.

அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா என் கையைக் கிள்ளி, "வாய மூடிக்கினு பாவாடயப் புடிச்சிக்கோ" என்றாள். பெண் வீட்டார் பத்தடி தள்ளி நின்றிருந்தார்கள். பெண்ணும் வந்திருந்தாள், தன் அண்ணியோடு. மாமா அவர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தவர், திரும்பி என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. வேகமாக வந்தார்.

"பாப்பா, இடுப்புல இன்னா குத்தியிருந்துது?"

"ஊக்கு மாமா."

"எங்க அது?"

"காணோம்."

"டேய், வாயத் தொறக்காத" என்று அம்மா பல்லைக் கடித்தாள். "ஒரு ஊக்குடா. அவங்க பாத்துக்கினு கீறாங்க. அப்பறமா வந்து தேடிக்கோ."

"இன்னும் ஒரு மணி நேரத்துல ரெண்டு ஜெட்டு கெளம்பப் போவுதுக்கா. அது இன்ஜின் உள்ள போச்சின்னா? நீ முறுக்கு குடுத்தியே, அந்தப் பையன்தான் உள்ள ஒக்காந்துகினு இருப்பான்."

"அப்ப உன் கல்யாணம்?"

மாமா ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தார். பிறகு நேரே மீசை வைத்த பெரியவர் ஒருவரிடம் போனார், அவர்தான் அந்த முப்பது பேருக்கும் தலைவர். மாமா சொல்லச் சொல்ல அவர் கையை உயர்த்தினார். அவ்வளவுதான், எல்லாம் நின்றது. கயிறு கட்டிக் கூட்டத்தை ஓரமாகத் தள்ளினார்கள். லீவில் குடும்பத்தோடு வந்திருந்த முப்பது பேரும் வெள்ளைச் சட்டையோடு வரிசையில் போய் நின்றார்கள். மாமாவும் நின்றார். குனிந்தார்கள். நடந்தார்கள்.

"மாப்பிள்ளை இன்னா பண்றாரு அங்க?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

பக்கத்திலிருந்த யாரோ, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், "அதானே சார் அவுங்க வேல. தெனமும் கல்லு பொறுக்குறது" என்றார்.

பெண்ணின் அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தார்த்தரையைப் பார்த்தாள். நிழல் கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுதார்கள். ஜெட் பறப்பதைப் பார்க்க வந்தவர்கள், எவளோ ஊக்கைத் தொலைத்தாளாம் என்று திட்டினார்கள். எவளோ என்பது நான். அழுதுகொண்டே பாவாடையைப் பிடித்திருந்தேன். அந்தப் பெண் வந்து, தன் ஜடையிலிருந்த ரிப்பனை அவிழ்த்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். "இப்ப கைய வுடு. வுழாது" என்றாள். அவளைப் போய் எனக்கு அத்தையாக இல்லாமல் செய்தேனே என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்து வரிசையில் யாரோ கத்தினார்கள். கிடைத்துவிட்டது! கூட்டம் கைதட்டியது. மீசைக்காரர் என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு ஊக்கு. ஆனால் வெள்ளை நிறம். துருவேறியிருந்தது.

"இதானா பாப்பா?"

அம்மா என் பின்னால் நின்று முதுகில் விரலால் அழுத்தினாள். ஆமாம் என்று சொல் என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் ஜாடை. பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆமாம் என்றால் எல்லாம் முடிந்துவிடும். ஜெட் பறக்கும், எல்லோரும் சிரிப்பார்கள், கல்யாணத்துக்குக்கூட வழி இருக்கலாம். மாமா என் உயரத்துக்கு உட்கார்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"நல்லா பாத்து சொல்லு. யாரையும் பாக்காத. இத மட்டும் பாரு."

"இது இல்ல மாமா" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து மறுபடி வரிசைக்குப் போனார். பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்க பொண்ணுக்கே நல்லா கல்லு பொறுக்கத் தெரியும்மா, அரிசியில. அதுக்குன்னு தனியா ஒரு மாப்பிள்ள வேணாம்" என்றார் அம்மாவிடம். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் போகும்போது மாமா தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, தரையிலிருந்து கண்ணை எடுத்தால் விட்டுப்போகும் என்று.

ஊக்கு கிடைக்கவில்லை. அன்றைக்கு ஜெட் பறக்கவில்லை. மறுநாளும் தேடினார்கள், பெருக்குகிற வண்டி விட்டுப் பெருக்கினார்கள். பிறகு விமானங்கள் பறக்கத் தொடங்கின.

மூன்றாம் நாள் அம்மா என் பாவாடையைத் துவைத்தாள். "ஸ்ஸ்" என்று கையை உதறினாள். விரலில் ஒரு பொட்டு ரத்தம். கீழ்மடிப்பின் தையல் ஒரு விரல் அகலம் விட்டிருந்தது, அதற்குள் இருந்தது ஊக்கு. இடுப்பிலிருந்து நழுவி உள்பக்கமாகவே இறங்கி, மடிப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. தளத்தின் தரையை அது தொடவே இல்லை.

அம்மா துவைக்கிற கல்லின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் தாடையைப் பிடித்து, "மாமாகிட்ட சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத. ஒண்ணுமில்லாததுக்கு ஜெட்ட நிறுத்திட்டான்னு அவன் வேலைக்கு உல வெச்சிடுவாங்க. கல்யாணந்தான் பூட்ச்சு, வேலையும் பூடுமா?" என்றாள். அழுதாள். ஊக்கை அடுப்புச் சாம்பலோடு சேர்த்து எருக்குழியில் கொட்டினாள். அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். தம்பிக்காகத்தான் செய்தாள். அவளுக்குத் தெரிந்த உலகத்தில், தப்பாகக் கூப்பாடு போட்டவனை யாரும் மன்னித்ததில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதமே மாமா தளத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு வருஷம் கழித்து, அங்கே கேண்டீனில் வேலை செய்த ஒருவரைக் கட்டிக்கொண்டார். அம்மாவுக்கு அந்தச் சம்பந்தத்தில் முழு மனசு கிடையாது. ஆனால் அத்தை தங்கமானவர்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் நிலம் கம்பெனிக்குப் போன பிறகு, ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற லைனில் சேர்ந்தேன். அங்கே ஒரு சட்டம் உண்டு, உங்களில் தைத்தவர்களுக்குத் தெரியும். ஊசி உடைந்தால் அத்தனை துண்டையும் தேடி எடுத்து, ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். போன வருஷம், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், பரமக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஊசியை உடைத்தாள். ஒரு நுனி கிடைக்கவில்லை. காந்தம் வைத்துத் தேடினோம், தைத்து வைத்த உறைகளையெல்லாம் ஓரமாக எடுத்து வைத்தோம். சூப்பர்வைசர் காட்டுக் கத்தல். மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"யக்கா, கெடச்சிருச்சுக்கா. ஏந் துப்பட்டாவுலயே குத்திக்கிட்டு இருந்திருக்கு. ஹாஸ்டல்ல போயித்தான் பாத்தேன்."

"ஏண்டி, அதப்போய் சொல்லிக்கினு வர்ற? அவரு உன்னத்தான திட்டுவாரு?"

"திட்டுனாத் திட்டட்டும். சொல்லலைன்னா நீங்கள்லாம் தேடிக்கிட்டேல்லக்கா இருப்பீக?"

நான் மிஷினில் போய் உட்கார்ந்தேன். அன்று முழுக்கத் தையல் கோணலாகவே விழுந்தது. எனக்கு இது ஒரு நாளும் தோன்றியதில்லையே! மாமாவின் கல்யாணம் போயிற்று என்று வருந்தினேன், அவர் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அவர் இன்னமும் தேடுவார் என்று நினைத்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. மாடி வீட்டில் மகனோடு இருக்கிறார். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யாருக்காக மறைப்பது? அத்தை டீ கொண்டுவந்து வைத்தார். நான் டீயைத் தொடாமல் சொன்னேன்.

"மாமா, அன்னிக்கு அந்த ஊக்கு பாவாடையிலதான் இருந்துது. மடிப்புக்குள்ள. அம்மா தொவைக்கும்போது பாத்துது. உன் வேல பூடும்னு பயந்து சொல்லவாணாம்னுச்சு. நானும் சொல்லல."

மாமா என்னையே பார்த்தார். காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"எப்ப பாத்தீங்க?"

"மூணாம் நாளு."

"மூணாம் நாளா" என்றார்.

அத்தைதான் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார். "ரெண்டாவது ஜெட்டு நின்ன எடம்னு ஒண்ணு சொல்லுவாரு. ரிட்டயர் ஆவுற அன்னிக்கி வரைக்கும் அந்த எடத்துல மட்டும் வரிசையே நின்னு ரெண்டு வாட்டி நடக்கும். புதுசா வர்ற பசங்களுக்குக்கூட, இங்க ஒரு மஞ்ச ஊக்கு கீது, பாத்துக்கோன்னு சொல்லித்தான் குடுப்பாங்க. ஜெட்டு ஏறும்போதெல்லாம் இவரு கேண்டீனுக்கு வந்து நின்னுக்குவாரு. எறங்கினப்பறம்தான் டீ குடிப்பாரு."

நான் அழுதேன். மன்னிச்சிடு மாமா என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, போனில் ஒரு நம்பரைத் தட்டினார். வரிசையில் அவருக்கு இடப்பக்கம் நடந்தவராம், இப்போது மகளோடு வேலூரில் இருக்கிறாராம். ஸ்பீக்கரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்கள். மாமா நலம்கூட விசாரிக்கவில்லை.

"டேய், ஆப்டுச்சுடா" என்றார்.

அந்தப் பக்கம் இருந்தவர் என்ன என்று கேட்கவில்லை.

"எங்கடா இருந்துது?" என்றார் அவர்.